கொலை செஞ்ச கையில ஒரு ராக்கி

ரெட்டியார்பாளையத்துல ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வர்ற எல்லாரும், கொஞ்ச நேரம் முன்னாடிதான் பரலோக மந்திரம் சொல்லியிருப்பாங்க. எங்களுக்குக் கெடுதல் செஞ்சவங்களை நாங்க மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னிச்சிடுங்கன்னு கடவுள்கிட்ட கேக்கிற இடம் அதுல உண்டு. சின்ன வயசுலேர்ந்து சொல்றதால வாய் தானா சொல்லிடும். கடனைத் திருப்பித் தராத ஃப்ரெண்டை மன்னிச்சிடலாம். நம்ம வீட்டுப் பொண்ணைக் கொன்னவனை?

கேரளாவுல ஒரு குடும்பத்துக்கு இந்தக் கேள்வி நிஜமாவே வந்துச்சு.

சிஸ்டர் ராணி மரியா, புல்லுவழி ஊர்க்காரங்க. மத்தியப் பிரதேசத்துல உதய்நகர்ங்கிற ஊர்ல வேலை செஞ்சாங்க. வட்டிக்குக் கடன் வாங்கி நிலத்தை இழந்துட்டிருந்த ஏழை விவசாயிகளுக்கு பேங்க் கடன் கிடைக்க உதவினாங்க. வட்டிக்காரங்களுக்கு அது பிடிக்கல. 1995 பிப்ரவரி 25. இந்தூருக்குப் போற பஸ்ல, மத்த பயணிகள் பாத்துட்டிருக்கும்போதே, சமுந்தர் சிங் அவங்களைக் கத்தியால குத்தினார். உடம்புல 54 காயம். வயசு 41.

அவருக்கு ஆயுள் தண்டனை. சிறையில இருந்தப்ப மனசு முழுக்க பழிவாங்குற கோபம்தான். சுவாமி சதானந்த்ங்கிற பாதிரியார் அவரைத் தேடிப் போய்ப் பேசினார். 2002 ரக்ஷா பந்தன் அன்னிக்கு ராணி மரியாவோட தங்கச்சி சிஸ்டர் செல்மி பாலும் சிறைக்குப் போனாங்க. அக்காவைக் குத்தின அதே கையில ராக்கி கட்டினாங்க. அவரை விடுதலை பண்றதுல ஆட்சேபம் இல்லைனு குடும்பம் எழுதியும் கொடுத்தது. 2006ல வெளிய வந்தார். அடுத்த வருஷம் புல்லுவழிக்குப் போய் அம்மா ஏலீஸ்வாவைப் பாத்தார். மகளோட ரத்தம் பட்ட கைன்னு சொல்லி அம்மா அந்தக் கையை முத்தமிட்டாங்க.

கிறிஸ்தவங்க 'அருள்'னு சொல்றது இதைத்தான். தகுதி பாத்துக் கொடுக்கிறது இல்ல, சம்பாதிக்கவும் முடியாது.

அப்போ தண்டனையே வேண்டாமான்னு நீங்க கேக்கலாம். சமுந்தர் சிங் 11 வருஷம் சிறையில இருந்துட்டுத்தான் வந்தார். இன்னொரு உதாரணமும் இருக்கு. 1999 ஜனவரியில ஒடிசாவோட மனோகர்பூர்ல, ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் 10 வயசு பிலிப், 6 வயசு திமோத்தின்னு ரெண்டு மகன்களையும் வண்டிக்குள்ளயே வச்சு எரிச்சாங்க. மனைவி கிளாடிஸ் மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க. ஆனா மன்னிப்பு வேற, குற்றத்துக்கான தண்டனை வேறன்னும் தெளிவா சொன்னாங்க. தாரா சிங்கோட ஆயுள் தண்டனையை 2011ல உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது. கணவர் கவனிச்சிட்டிருந்த பாரிபதா தொழுநோயாளிகள் இல்லத்தை கிளாடிஸ் தொடர்ந்து நடத்தினாங்க.

ரெண்டு இடத்துலயும் மன்னிச்சவங்க, பறிகொடுத்தவங்க. வெளியில இருந்துக்கிட்டு "நீ மன்னிச்சிடு"ன்னு அவங்ககிட்ட சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அந்த முடிவை எடுக்க செல்மிக்கு 7 வருஷம் கழிச்சு ஒரு சிறைக் கதவைத் தாண்ட வேண்டியிருந்துச்சு.

2017 நவம்பர் 4, இந்தூர்ல ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தாங்க. அந்தக் கூட்டத்துல சமுந்தர் சிங்கும் இருந்தார்.