எலி மருந்தாக வந்த வார்ஃபரின்

1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்தன. பூஞ்சை பிடித்த இனிப்புக் கிளாவர் தீவனமே காரணம் என்று கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த பசுவோடும் உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனோடும் உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தீவனத்தில் இருந்த குற்றவாளிப் பொருளான டைகூமராலைப் பிரித்தெடுக்க ஆறு ஆண்டுகள் பிடித்தன.

அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்க அதை நோயாளிக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. 1951இல் உயிரை மாய்த்துக்கொள்ள அதைத் தின்ற அமெரிக்கப் படைவீரர் ஒருவர், மருத்துவமனைச் சிகிச்சையில் வைட்டமின் கே பெற்றுப் பிழைத்தார். முறிமருந்து பலிக்கிறது என்பது தெளிவானது. 1954இல் மனிதப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. இரத்தக்கசிவோடு அவசரப் பிரிவுக்கு வரும் வார்ஃபரின் நோயாளிக்கு இன்றும் வைட்டமின் கே கொடுக்கப்படுகிறது.