ஓர் அட்மிரலும் ஒற்றை ஓட்டும்

போன எபிசோடில் எம்டன் கப்பலைப் பற்றிப் பேசினோம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். நூறு வருஷம் தாண்டியும் நம்ம ஊர்ல 'அவன் பெரிய எம்டன்'னு சொல்றோம். இன்னைக்கு எடுத்திருக்கும் கடற்படைக் கதை நடந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மத்திய அரசு கவிழ்ந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனாலும் அதன் நடுவில் இருந்தவர் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் 'யாரு?'ன்னுதான் கேட்பீங்க. அட்மிரல் விஷ்ணு பகவத்.

வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் தோற்றது உங்களுக்குத் தெரியும். 1999 ஏப்ரல் 17. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று இன்றுவரை பட்டிமன்றம் நடக்குது. கிரிதர் கமாங், சைபுதீன் சோஸ், மாயாவதி என்று ஆளாளுக்கு ஒரு பேர் சொல்வாங்க. எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய சுவாரஸ்யம் இல்லை. விஷயம் ஓட்டெடுப்பு வரைக்கும் ஏன் போச்சு? 18 எம்.பி.க்களை வைத்திருந்த அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்கியதால். வாபஸ் வாங்குவதற்கு முன்னால் ஜெயலலிதா வெளிப்படையாக வைத்த கோரிக்கை என்ன தெரியுமா? நீக்கப்பட்ட கடற்படைத் தளபதியைத் திரும்பப் பதவியில் வையுங்கள், ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பாதுகாப்புத் துறையிலிருந்து மாற்றுங்கள், நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை வையுங்கள்.

போயஸ் கார்டனுக்கும் கடற்படைத் தலைமையகத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்ல நான் எங்க ஏரியாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ராயபுரம் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். கட்சியைத் தொடங்கிய ஐவரில் ஒருவர் என்.வி. நடராசன். அவருடைய மகன் என்.வி.என். சோமு 1996-ல் வட சென்னை எம்.பி. ஆனார். ஐக்கிய முன்னணி ஆட்சியில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சரும் ஆனார். ராணுவத்துக்கு புல்லட் வண்டி செய்து கொடுத்த திருவொற்றியூர் என்ஃபீல்டு, ராணுவ லாரி செய்யும் எண்ணூர் அசோக் லேலண்ட் எல்லாம் இருக்கிற பக்கத்திலிருந்து ஒருவர் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் போனார். பகவத் கடற்படைத் தளபதியாகப் பொறுப்பேற்ற 1996 செப்டம்பர் 30-ம் அந்த ஆட்சிக் காலத்தில்தான். 1997 நவம்பர் 14 அன்று அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் சோமு இறந்துபோனார். இரண்டே வாரத்தில் அந்த அரசும் கவிழ்ந்தது. ஜெயின் கமிஷன் அறிக்கையைக் காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்று காங்கிரஸ் நெருக்கியது, குஜ்ரால் மறுத்தார். புலிகள் விவகாரத்தின் நிழலில் கவிழ்ந்த அரசு அது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து வந்த வாஜ்பாய் அரசில் பெர்னாண்டஸ் பாதுகாப்பு அமைச்சர். பம்பாய் துறைமுகத் தொழிலாளர்களைத் திரட்டியவர், 1974 ரயில்வே ஸ்டிரைக்கை நடத்தியவர். அவருக்கும் பகவத்துக்கும் ஒத்துப்போகவில்லை. வெளிப்படையாக வெடித்தது ஒரு போஸ்டிங் விவகாரத்தில். வைஸ் அட்மிரல் ஹரீந்தர் சிங்கைக் கடற்படைத் துணைத் தலைமைப் பதவிக்கு, அதாவது டெபுடி சீஃப் ஆக, அமைச்சரவையின் நியமனக் குழு 1998 டிசம்பரில் நியமித்தது. பகவத் அந்த உத்தரவை நிறைவேற்ற முடியாது என்று திருப்பி எழுதினார். தளபதியின் பரிந்துரை இல்லாமல் அந்த நியமனம் விதிப்படி செல்லாது என்பது அவர் வாதம். ஹரீந்தர் சிங் ஏற்கெனவே பகவத் மேல் மதப் பாரபட்சம் பார்க்கிறார் என்று புகார் கொடுத்திருந்தவர். அந்தப் புகார் அட்மிரலின் மனைவியின் மதத்தையும் அரசியலையும்கூட இழுத்தது. அசிங்கமான காகிதம், சந்தேகமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990-ல் இதே பகவத், தன் மேலதிகாரிகளை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்தான். மேலே இருப்பவருக்கு எதிராகக் கீழே இருப்பவர் மனு போட்டால் எப்படி வலிக்கும் என்பது அவருக்குப் புதுசு இல்லை.

1998 டிசம்பர் 30. பகவத்தைப் பதவியிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. கொச்சியில் தென் பிராந்தியக் கடற்படைத் தலைவராக இருந்த வைஸ் அட்மிரல் சுஷில் குமாரை ரகசியமாக டெல்லிக்கு வரவழைத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பாதுகாப்புச் செயலாளர் அஜித் குமாரையும் அப்போதே வேறு துறைக்குத் தூக்கிவிட்டார்கள். சுதந்திர இந்தியாவில் ஒரு படைத் தளபதி நீக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. 1959-ல் கிருஷ்ண மேனனோடு முட்டிக்கொண்டு ஜெனரல் திம்மையா ராஜினாமா கடிதம் கொடுத்தபோதுகூட நேரு பேசிச் சரிக்கட்டி அதை வாபஸ் வாங்க வைத்தார்.

சட்டம் என்ன சொல்லுது? அரசியலமைப்பின் 310-வது பிரிவுப்படி படையில் இருப்பவர்கள் குடியரசுத் தலைவர் விரும்பும் வரைதான் பதவியில் இருப்பார்கள். நடைமுறையில் அமைச்சரவை விரும்பும் வரை. அடுத்த பிரிவு 311. மத்திய, மாநில அரசுகளின் சிவில் ஊழியரைக் குற்றச்சாட்டு சொல்லாமல், விசாரணை வைக்காமல் டிஸ்மிஸ் பண்ண முடியாது என்கிறது. விதிவிலக்குகள் கொஞ்சம் இருக்கு, விட்டுடுவோம். ஆனால் இந்தப் பாதுகாப்பு படையினருக்குக் கிடையாது. ராஜாஜி சாலையில் துறைமுகத்துக்கு எதிரே கஸ்டம்ஸ் ஹவுஸ் பார்த்திருப்பீங்க. அங்கே ஃபைல் பார்க்கும் ஒரு கிளார்க்குக்கு இருக்கும் பாதுகாப்பு, நாட்டின் மொத்தப் போர்க்கப்பல்களுக்கும் தலைவரான அட்மிரலுக்கு இல்லை.

இது அநியாயமா? நான் அப்படி நினைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவன் ஓட்டு வாங்கி வந்தவன் பேச்சைக் கேட்டே ஆகணும். பக்கத்து நாடுகளில் கேட்காதபோது என்ன ஆச்சுன்னு பார்த்திருக்கோம். அமைச்சரவை நியமித்த ஆளை ஏற்க மாட்டேன் என்று ஒரு தளபதி சொன்னால் அவர் பதவி விலகணும், இல்லைன்னா விலக்கப்படணும். ஆனால் விலக்கிய அரசு, ஏன் விலக்கினோம் என்று ஓட்டுப் போட்டவனுக்கு விளக்கமாகச் சொல்லணும். வேண்டுமென்றே திரும்பத் திரும்ப அரசை மீறினார் என்றது அரசு. பகவத் சொன்ன எதிர்க்கதை அதைவிடப் பெரிசு. அந்தமான் கடலில் ஆயுதம் கடத்துவதாகச் சந்தேகப்படும் கப்பல்களை எங்களைக் கேட்காமல் மறிக்காதே என்று அமைச்சகம் படைகளுக்கு எழுதியது என்றார். பெர்னாண்டஸ் அதை ஏற்கவில்லை.

இந்தக் குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் விழுந்தால் எப்படிக் கேட்கும்? 1993 ஜனவரியில் புலிகளின் தளபதி கிட்டு வந்த 'அகத்' கப்பலை இந்தியக் கடற்படை நடுக்கடலில் மறித்து சென்னைப் பக்கமாகக் கொண்டுவந்தது. ஜனவரி 16 அன்று கப்பல் தீப்பிடித்து மூழ்கியது, கிட்டுவோடு பத்துப் பேர் செத்தார்கள். எந்தக் கப்பலை மறிக்கலாம், யார் உத்தரவில் மறிக்கலாம் என்பது எங்க கரையில் வெறும் ஃபைல் சமாச்சாரம் கிடையாது. மீன்பிடிப் படகோடு கடலுக்குப் போகிற காசிமேட்டுக்காரருக்கும் அது கேட்கும், ஈழத்துக்காக உண்ணாவிரதம் இருந்தவருக்கும் கேட்கும். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கேட்காது.

பெர்னாண்டஸ் ஈழத் தமிழர் மேல் பரிவு காட்டியவர். ஜெயலலிதா புலிகளைக் கடுமையாக எதிர்த்தவர். அதனால் பகவத் விவகாரம் அவர் கைக்கு வாகாக வந்தது. ஆனால் டெல்லியில் அவருக்கு வேறு கணக்குகளும் இருந்தன. அவர் மேல் ஊழல் வழக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. கருணாநிதி அரசைக் கலைக்கணும் என்று அவர் கட்சி கேட்டுக்கொண்டே இருந்தது, வாஜ்பாய் இசையவில்லை. 1999 மார்ச் 29 அன்று சுப்பிரமணியன் சுவாமி வைத்த டீ பார்ட்டியில் ஜெயலலிதாவும் சோனியாவும் சந்தித்தார்கள். ஏப்ரலில் அ.தி.மு.க. அமைச்சர்கள் ராஜினாமா. 14-ம் தேதி குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனிடம் வாபஸ் கடிதம்.

அட்மிரல் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அதைச் சபையில் கேட்டவர்களும் நியாயமாகத்தான் கேட்டார்கள். ஆனால் அது பேரத்தில் ஒரு சரக்காகப் போய்விட்டது. கூட்டுக்குழு விசாரணை வேணும்னு கேட்ட கட்சியே அரசைக் கவிழ்த்தது. மாற்று அரசு அமைக்க சோனியாவிடம் எண்ணிக்கை சேரவில்லை, மக்களவை கலைந்தது. மக்களவையே கலைஞ்ச பிறகு கூட்டுக்குழு எங்கே இருந்து வரும்? பகவத்துக்காக ரொம்பச் சத்தமாகப் பேசியவர்கள் அவருக்கு இருந்த ஒரே மேடையையும் மடக்கி வைத்துவிட்டுப் போனார்கள். வாஜ்பாய்க்கும் பெர்னாண்டஸுக்கும் இது சௌகரியமாகப் போச்சு. பதில் சொல்லும் வேலை மிச்சம்.

மே மாதம் கார்கில் சண்டை. காபந்து அரசில் அதே பெர்னாண்டஸ்தான் பாதுகாப்பு அமைச்சர். அரபிக் கடலில் கப்பல்களை நிறுத்தியது சுஷில் குமார் தலைமையிலான கடற்படை. அதற்கப்புறம் ஒரு பழைய அட்மிரலின் நீக்கத்தைப் பற்றி யார் பேசுவாங்க?

இப்போ திரும்ப வட சென்னை. 1998-ல் இங்கே ஜெயித்தவர் தி.மு.க.வின் செ. குப்புசாமி, தொழிற்சங்கத் தலைவர். 1999 ஏப்ரல் ஓட்டெடுப்பில் தி.மு.க. வாஜ்பாயை ஆதரித்தது. அது வரைக்கும் எதிர் முகாமில் இருந்த கட்சி, அ.தி.மு.க. காலி பண்ணிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த இலையுதிர் தேர்தலில் பா.ஜ.க. கூட்டணியில் நின்ற குப்புசாமியையே தொகுதி மறுபடி அனுப்பியது. பாதுகாப்பு இணை அமைச்சர் ஒருவரைக் கொடுத்த தொகுதி, அந்தப் பிரச்சாரத்தில் பகவத் பெயரை வைத்து ஓட்டு மாற்றிப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. 2001 பிப்ரவரியில் வாஜ்பாய் எண்ணூர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பகவத் அதே வருஷம் தன் தரப்பைப் புத்தகமாகப் போட்டார். பதவி திரும்பக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலை, ராணுவத்துக்காக வந்த புல்லட் ஊருக்கே வண்டியான கதை. சந்திப்போம்.