லாமஸ்: பெயருக்குள் ஒரு ரொட்டி

ஆகஸ்டு முதல் தேதிக்கு ஆங்கிலத்தில் லாமஸ் என்று ஒரு பழைய பெயர் உண்டு. கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டு மரபுகளை மீட்டெடுக்கும் பேகன் நெறியைக் கைக்கொண்ட பிரிட்டன்காரர்கள் இன்று அதை ஆண்டின் முதல் அறுவடைத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். முறைப்படி செய்பவர்கள் மாவு பிசைந்து, கோதுமைக் கதிர் வடிவில் ரொட்டி சுடுவார்கள். அதற்கெல்லாம் நேரமில்லாதவர்கள் கடை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சீஸ் வைத்து, டோஸ்ட் சாண்ட்விச் போட்டுத் திருநாளை நடத்திவிடுவார்கள். இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குபவர்கள் இருப்பார்கள். ஆனால் சொல்லின் பூர்வீகத்தைக் கிளறினால் டோஸ்ட்காரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது.

லாமஸ் என்பதை ‘லாம்’, அதாவது ஆட்டுக்குட்டி, என்று பிரித்தவர்கள் உண்டு. ஆட்டுக்குட்டியைக் காணிக்கை கொடுத்த நாள் என்று அதற்கு ஒரு கதையும் கட்டினார்கள். காதுக்கு இனிக்கிற சொற்பிறப்பு பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும், இதுவும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஹ்லாஃப்மாஸ்ஸே. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, மாஸ்ஸே என்றால் பூசை, திருப்பலி. புதுக் கோதுமையில் சுட்ட முதல் ரொட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கும் நாள்.

இந்த ஹ்லாஃப் சாதாரணச் சொல் அல்ல. இன்று ஆங்கிலத்தில் ‘லோஃப்’ என்று சுருங்கி, முழு ரொட்டி ஒன்றை மட்டும் குறிக்கிறது. அன்று பொதுவாக ரொட்டிக்கே அதுதான் பெயர். ‘பிரெட்’ என்பதற்குத் துண்டு, துணுக்கு என்று பொருள். பிறகு துணுக்கு முழு ரொட்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹ்லாஃபின் மூதாதைச் சொல் எல்லை தாண்டியும் போயிருக்கிறது. ரஷ்யர்களின் ஹ்லெப், ஃபின்லாந்துக்காரர்களின் லெய்ப்பா இரண்டும் அங்கிருந்து கடன் போனவை. ‘லார்டு’ என்ற பிரபுவும் இந்தக் குடும்பம்தான். அவர் முதலில் ஹ்லாஃப்வெயர்ட், ரொட்டிக்குக் காவலர். ‘லேடி’ ஹ்லாஃப்டியே, மாவு பிசைபவள். அந்த வீட்டை அண்டிப் பிழைப்பவனுக்குக் கென்ட் நாட்டு மன்னன் ஏதல்பெர்ட்டின் சட்டத்தில் ஹ்லாஃபேட்டா என்று பெயர். ரொட்டி தின்பவன் என்று அர்த்தம். செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. அரிசி அங்கே கோதுமை, அவ்வளவுதான்.

அப்படியானால் லாமஸ் பேகன் பண்டிகையா? பெயரிலேயே பூசை இருக்கிறதே என்று கேட்கலாம். பெயர் கிறிஸ்தவப் பெயர்தான். ஆனால் பழைய ஆங்கில மந்திரக் குறிப்பு ஒன்று, லாமஸ் அன்று மந்திரித்த ரொட்டியிலிருந்து நான்கு துண்டு எடுத்துக் களஞ்சியத்தின் நான்கு மூலையிலும் உதிர்த்துவிடச் சொல்கிறது. அறுத்த தானியத்துக்கு அது காவலாம். பாதிரியார் ஆசீர்வதித்த ரொட்டியைக் குடியானவன் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறான் பாருங்கள். பேகன் என்பதற்கு மூலமான லத்தீன் பாகானுஸ்கூட முதலில் நாட்டுப்புறத்தானைத்தான் குறித்தது.

அயர்லாந்தில் அதே நாளுக்கு லூனசா என்று பெயர். லூ என்ற தெய்வம், காடு திருத்தி உழைப்பிலேயே உயிர்விட்ட தன் வளர்ப்புத் தாய் டால்டியுவின் நினைவாகக் கூட்டிய பெருங்கூட்டம் அது என்பது கதை. ஐரிஷ் மொழியில் ஆகஸ்டு மாதத்துக்கே இன்றும் அந்தப் பெயர்தான். இங்கிலாந்து லாமஸையும் அயர்லாந்து லூனசாவையும் ஒரே பண்டிகையாக ஒட்டி, வருடத்துக்கு எட்டுத் திருநாள் என்ற சக்கரத்தில் பொருத்தியது 20ஆம் நூற்றாண்டு. ஜெரால்டு கார்டனர், ராஸ் நிக்கல்ஸ் போன்ற நவீன பேகன் முன்னோடிகளின் 1950களின் வேலை அது. தொன்மையானது என்று சொல்லப்படும் அந்தச் சக்கரத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை. இது குறையல்ல, எல்லாப் பண்டிகையும் ஒருநாள் புதிதாகத்தானே இருந்திருக்கும்.

ஸ்காட்லாந்தில் லாமஸ் குத்தகை செலுத்தும் நான்கு கெடு நாட்களில் ஒன்று. ஆங்கிலேயரின் பழைய வழக்கில் ‘பிந்திய லாமஸில் தருகிறேன்’ என்றால் தரப்போவதில்லை என்று பொருள், நாம் அத்தைக்கு மீசை முளைக்கட்டும் என்பதுபோல.

இனி டோஸ்ட். லத்தீனில் டொர்ரேரே என்றால் வாட்டுதல், வறட்டுதல். அதன் வேர் வறட்சியைக் குறிப்பது; ஆங்கிலத்தில் தாகத்துக்குரிய சொல்லும் வடமொழியின் திருஷ்ணையும் அதே வேரின் கிளைகள். சாண்ட்விச்சின் கதை எல்லோருக்கும் தெரியும்: 18ஆம் நூற்றாண்டுப் பிரபு ஒருவரின் பட்டப் பெயர், அதற்கு முன் கென்ட் கடற்கரையில் மணல்மேல் எழுந்த ஒரு வணிக ஊரின் பெயர். ரொட்டிக் காவலரான லார்டு ஒருவர் கடைசியில் ரொட்டிக்கே பெயராகிவிட்டார் என்பது தனி வேடிக்கை.

டோஸ்ட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. திருநாள் புது ரொட்டிக்கானது, வாட்டுவதோ பழைய ரொட்டியை. இதற்குப் பதில் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருக்கிறது. அங்கே கிராடன் என்றொரு முறை இருந்ததை மார்ட்டின் மார்ட்டின் 1703இல் எழுதிவைத்தார். பெண் ஒருத்தி ஒரு பிடி கதிரைத் தாளோடு இடக்கையில் பிடித்துக் கதிருக்குத் தீ வைப்பாள். உமி எரிந்து மணி கருகுவதற்குள் வலக்கைக் கோலால் தட்டி உதிர்ப்பாள். புடைத்து, அரைத்து, ரொட்டியாகச் சுட்டு எடுக்க, அறுத்ததிலிருந்து ஒரு மணி நேரம் போதுமாம். ஈரம் காயாத புதுத் தானியம் முதலில் சந்தித்தது நெருப்பைத்தான். தீயில் வாட்டிய வாசனை அறுவடைக்கு அந்நியமானதல்ல.

இன்னொரு பதிலும் இருக்கிறது. 1752இல் பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்தியபோது 11 நாட்களை வெட்டி எறிந்தது. அதனால் லாமஸ் பருவத்தை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. ஆகஸ்டு முதல் தேதியன்று இங்கிலாந்தில் பெரும்பாலான கோதுமை இன்னும் வயலில்தான். அறுத்தாலும் காய வைத்து, ஆலைக்குப் போய், மாவாகிக் கடைக்கு வர நாளாகும். அன்று சிரத்தையாக வீட்டில் சுடுகிற கதிர் வடிவ ரொட்டியிலும் பெரும்பாலும் போன வருடத்து மாவுதான், அதில் கனடா கோதுமையும் கலந்திருக்கலாம். பழைய ரொட்டியைப் பழையது என்று ஒப்புக்கொண்டு வாட்டி, உருகும் சீஸோடு சாப்பிடுகிறவர், அந்தத் தேதியைப் பொறுத்தவரை, கணக்கில் சுத்தமானவர்.