நியம்கிரி கிராம சபைத் தீர்மானங்கள் (2013)

ஒரு நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவை அந்நிலத்தில் வாழும் மக்களே எடுத்த நிகழ்வுகள் இந்திய வரலாற்றில் மிகக் குறைவு. அவற்றுள் முதன்மையானது, ஒடிசா மாநிலத்தின் நியம்கிரி மலையில் 2013ஆம் ஆண்டு நடந்த கிராம சபைக் கூட்டங்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 12 சிற்றூர்களில் கூடிய மக்கள், தங்கள் மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று ஒருவர் பின் ஒருவராகத் தீர்மானித்தனர். அதன் விளைவாக மத்திய அரசு சுரங்கத் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

மலையும் மக்களும்

நியம்கிரி மலைத்தொடர் ஒடிசாவின் தென்மேற்கில் ராயகடா, களஹாண்டி ஆகிய இரு மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் டோங்ரியா கோண்டு மக்கள் ஏறத்தாழ 8,000 பேர். இவர்கள் பேசும் குவி, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலைச்சரிவுகளில் சிறுதானியங்களையும், அன்னாசி, ஆரஞ்சு, வாழை, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றையும் பயிரிடுகின்றனர். குட்டியா கோண்டு மக்களும், பழங்குடியினர் அல்லாத சில குடும்பங்களும் மலையையும் அடிவாரத்தையும் நம்பி வாழ்கின்றனர்.

இம்மலையின் அரசனாகவும் தெய்வமாகவும் டோங்ரியா மக்கள் வணங்குவது நியம ராஜாவை. 'நியமம்' என்றால் ஒழுங்கு அல்லது சட்டம். மலையுச்சிக் காடுகளை வெட்டக் கூடாது என்பது அந்த நியமங்களுள் ஒன்று. இந்த நம்பிக்கைக்கு நடைமுறைப் பயனும் உண்டு. மலையுச்சியில் படிந்துள்ள பாக்சைட் அடுக்கு மழைநீரை உள்வாங்கிச் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. கோடையிலும் ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் வரை பாயும் வம்சதாரா ஆறும் இம்மலைப் பகுதியிலிருந்து நீர் பெறுகிறது.

சுரங்கத் திட்டம்

அலுமினியம் தயாரிக்க முதலில் பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்காக, மலையடிவாரத்தில் உள்ள லாஞ்சிகர் என்ற இடத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறன் கொண்ட ஆலை ஒன்றை அமைக்க வேதாந்தா குழுமத்துக்கும் மாநில அரசுக்கும் இடையே 2003இல் உடன்படிக்கை ஏற்பட்டது. அந்த ஆலைக்கான பாக்சைட்டை நியம்கிரியின் உச்சியிலிருந்து, மாநில அரசு நிறுவனமான ஒடிசா சுரங்கக் கழகத்தின் வழியாக எடுப்பது திட்டம். அதற்குச் சுமார் 660 ஹெக்டேர் வனநிலம் தேவைப்பட்டது.

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். சுரங்கத்துக்கு அந்த அனுமதி கிடைப்பதற்கு முன்பே அடிவாரத்தில் ஆலை எழுந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த மத்திய அதிகாரக் குழு, 2005 செப்டம்பரில் அளித்த அறிக்கையில் இதைக் கடுமையாகக் குறைகூறியது. ஆயினும், சில நிபந்தனைகளுடன் வனநிலத்தைப் பயன்படுத்த 2008 ஆகஸ்டு 8 அன்று நீதிமன்றம் இசைவு தெரிவித்தது.

திட்டத்தை ஆதரித்தவர்களுக்கும் வாதங்கள் இருந்தன. களஹாண்டி நெடுங்காலமாகப் பஞ்சத்துக்கும் வறுமைக்கும் பெயர்பெற்ற மாவட்டம். தொழிற்சாலை வந்தால் வேலையும் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வரும் என்று மாநில அரசு கூறியது. மலைமக்களும் அவர்களது நியம்கிரி சுரக்ஷா சமிதி போன்ற அமைப்புகளும் இதை ஏற்கவில்லை. மலையை இழந்தபின் கிடைக்கும் வசதிகளால் தங்களுக்குப் பயனில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.

சட்டம் தந்த பிடி

மக்களின் எதிர்ப்புக்குச் சட்ட வலிமை தந்தவை இரண்டு சட்டங்கள். முதலாவது, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரிவுபடுத்திய 1996ஆம் ஆண்டுச் சட்டம். தம் மக்களின் மரபுகளையும் பண்பாட்டு அடையாளத்தையும் சமூக வளங்களையும் காக்கும் தகுதி கிராம சபைக்கு உண்டு என்று இது கூறுகிறது.

இரண்டாவது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தனிநபர் உரிமைகளும் சமூக உரிமைகளும் உண்டு என்பதை இச்சட்டம் ஏற்றது. அவ்வுரிமைகளைத் தீர்மானிக்கும் பணி கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கோரும் விண்ணப்பத்துடன், உரிய கிராம சபைகளின் ஒப்புதலுக்கான சான்றையும் இணைக்க வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 ஆகஸ்டு 3 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடத்தப்படும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மக்கள் பேசுவதை அதிகாரிகள் பதிவு செய்வார்கள்; முடிவு வேறிடத்தில் எடுக்கப்படும். ஒப்புதல் என்பது அப்படியல்ல. மக்கள் மறுத்தால் திட்டம் நின்றுவிடும்.

என்.சி.சக்சேனா தலைமையிலான குழு, நியம்கிரியில் வன உரிமைச் சட்டம் மீறப்பட்டுள்ளதாக 2010 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. அதே மாதம் 24ஆம் நாள், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இறுதிக்கட்ட வன அனுமதியை மறுத்தார். அதை எதிர்த்து ஒடிசா சுரங்கக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

2013 ஏப்ரல் 18 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகாய் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று நீதிமன்றம் நேரடியாகச் சொல்லவில்லை. நியம ராஜாவை வழிபடும் உரிமை இம்மக்களுக்கு உண்டா, சுரங்கம் அவ்வுரிமையைப் பாதிக்குமா என்ற கேள்விகளையும், வன உரிமைக் கோரிக்கைகளையும் கிராம சபைகள் பரிசீலிக்க வேண்டும் என்றது. வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமானால் அது காக்கப்பட வேண்டும் என்றும் கூறியது.

கிராம சபைகள் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுத்து மத்திய அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அலுவலர் ஒருவர் கூட்டங்களைப் பார்வையிட வேண்டும். மத்திய, மாநில அரசுகளின் தலையீடோ நிறுவனத்தின் தலையீடோ இல்லாமல் கூட்டங்கள் நடக்க வேண்டும் என்பன நீதிமன்றம் விதித்த நிபந்தனைகள்.

பன்னிரண்டு கூட்டங்கள்

மலையிலும் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் உள்ளன. மாநில அரசு தேர்ந்தெடுத்தவை 12 மட்டுமே: ராயகடாவில் ஏழு, களஹாண்டியில் ஐந்து. பாதிக்கப்படும் எல்லா ஊர்களிலும் கூட்டம் நடத்த வேண்டும் என்று மலைமக்கள் கோரினர். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகமும் மாநில அரசின் தேர்வை ஏற்கவில்லை. இருந்தும் எண்ணிக்கை மாறவில்லை.

2013 ஜூலை 18 அன்று முதல் கூட்டம் ராயகடா மாவட்டத்தின் செர்கபாடியில் நடந்தது. ஒடிசாவில் சிற்றூர் அளவிலான சபைக்குப் 'பல்லி சபா' என்று பெயர். நியம்கிரியில் கூடியவை இத்தகைய சபைகளே. ஒரு ஊராட்சி முழுவதற்கும் ஒரே கூட்டம் என்றால் தொலைவிலுள்ள மலைக்குடியிருப்புகளின் குரல் அமுங்கிப்போகும். சிறு சபை என்பதால் ஊரிலுள்ள ஆண்களும் பெண்களும் நேரில் எழுந்து தங்கள் மொழியிலேயே பேச முடிந்தது. நீதிபதியும் அதிகாரிகளும் அமர்ந்திருக்க, அவர்கள் சொன்னவை பதிவு செய்யப்பட்டன.

மலையின் ஒரு பகுதியில் மட்டும் தங்களுக்கு உரிமை என்று எழுதுவதைப் பலர் ஏற்கவில்லை. தெய்வம் ஓர் உச்சியில் மட்டும் இருப்பதாகக் கருத முடியாது, மலை முழுவதும் தெய்வத்துடையது என்றனர். கேசர்பாடி, தடிஜோலா, புல்துமேர் என ஒவ்வொரு ஊராகச் சுரங்கத்தை மறுத்தது. மிகச் சில வாக்காளர்களே இருந்த இஜுருபாவிலும் முடிவு மாறவில்லை. 2013 ஆகஸ்டு 19 அன்று ஜராபாவில் நடந்த பன்னிரண்டாவது கூட்டத்திலும் இதே தீர்மானம் நிறைவேறியது.

2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. கிராம சபைகளை மீண்டும் கூட்ட வேண்டும் என்று சுரங்கக் கழகம் தொடுத்த மனுவை 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. லாஞ்சிகர் ஆலை வேறு இடங்களிலிருந்து பாக்சைட் பெற்று இயங்கிவருகிறது.

வரம்புகள்

நியம்கிரித் தீர்ப்பு எல்லா இடங்களுக்கும் பொருந்தும் பொது விதியாக மாறவில்லை. அது வழிபாட்டு உரிமையையும் வன உரிமைச் சட்டத்தையும் சார்ந்து நின்றது. சாலை, மின்கம்பி, குழாய்வழி போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குக் கிராம சபை ஒப்புதல் பெறும் விதி 2013 பிப்ரவரியிலேயே தளர்த்தப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டு வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமைகள் தீர்க்கப்படும் முன்பே மத்திய அரசு இறுதி அனுமதி வழங்க இடமளித்தன. உரிமைகள் தீர்க்கப்பட்டதை உறுதிசெய்யும் பொறுப்பு மாநில அரசிடம் விடப்பட்டது.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. எனவே இங்குள்ள கிராம சபைத் தீர்மானத்துக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணை கிடையாது. 2024 நவம்பரில், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் வென்றபோது, அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. அதைத் தொடர்ந்து மக்கள் போராட்டமும், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானமும் தேவைப்பட்டன. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டியில் கிராம சபை போராட்டத்துக்குத் தொடக்கமாக அமைந்தது. நியம்கிரியில் கிராம சபையின் சொல்லே முடிவாக அமைந்தது.

முக்கியத்துவம்

நியம்கிரிக்கு முன்பும் மக்கள் எதிர்ப்பால் திட்டங்கள் நின்றதுண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலும் அரசோ நீதிமன்றமோ மக்களின் சார்பில் முடிவெடுத்தன. நியம்கிரியில் நீதிமன்றம் கேள்வியை மக்களிடமே அனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்த சபைகள் அளித்த விடையை அரசு ஏற்றது. ஊர் கூடி முடிவெடுக்கும் மரபு இந்தியச் சிற்றூர்களுக்குப் புதிதல்ல. அம்முடிவு ஒரு பெருந்திட்டத்தையும் கட்டுப்படுத்தும் என்பது புதிது. கிராம சபைக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்தப் பன்னிரண்டு கூட்டங்களும் சான்றாகக் காட்டப்படுவது அதனால்தான்.