பெயர் மறைத்து வென்ற பிள்ளைகள்

அனுமதிச் சீட்டின்றி எல்லை கடந்தவன் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். அவன் கைபிடித்து வந்த குழந்தை செய்த குற்றம் யாது? அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தார் இதைச் சிந்தித்தாரில்லை. அத்தகைய பிள்ளைகளின் படிப்புக்குப் பொதுப்பணம் தருவதில்லையென 1975-இல் சட்டஞ் செய்தனர். 1977-இல் டைலர் நகரப் பள்ளி நிர்வாகம், பிள்ளையொன்றுக்கு ஆண்டுக்கு 1000 டாலர் கட்டணம் கேட்டது. மெக்சிகோவினின்று பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்க்கு அஃது எத்துணைப் பாரமென்பது நம் தோட்டத்து நேயர்கட்குச் சொல்லாமலே விளங்கும்.

நான்கு குடும்பத்தார் துணிந்து வழக்காடினர். நீதிமன்றத்திலேயே பிடித்து நாடு கடத்துவரோ என்றஞ்சி, மூட்டை முடிச்சுகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டே வந்தனர். நாம் பெரிதும் போற்றுவது நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸை (பெயரிலேயே நீதியுடையவர்!). விசாரணையைக் காலை 6 மணிக்கே வைத்தார். உண்மைப் பெயரை மறைத்து வழக்காடவும் இடந்தந்தார்.

1982 ஜூன் 15-இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, பிள்ளைகள் பக்கமே தீர்ப்பளித்தது. அரசியற் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் சம பாதுகாப்பைக் குடிமக்களுக்கு மட்டும் உரியதாக்கவில்லை, எந்த மனிதருக்கும் உரியதென்றே கூறுகிறது என நீதிபதி பிரென்னன் எடுத்துக்காட்டினார்.

ஆயினும் அத்தீர்ப்பு பள்ளியோடு நின்றது. கல்லூரிக்கோ வேலைக்கோ வழி திறக்கவில்லை. 2012-இல், அதே ஜூன் 15-ஆம் நாள், சிறுவயதில் வந்தவர்கட்கு நாடுகடத்தலினின்று தற்காலிக விலக்கும் வேலை அனுமதியும் அளிக்கும் ஏற்பாட்டை ஒபாமா சர்க்கார் அறிவித்தது. விண்ணப்பித்தோரிற் பெரும்பாலோர் காட்டவேண்டியிருந்த சான்று, பள்ளியிற் படித்ததற்கான அத்தாட்சி.