கல்கத்தாவில் வேலை மாறிய கட்டு

கை கால் அறுபட்டு ரத்தம் பீறிடும்போது காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினால் உயிர் பிழைக்கும். பாம்பு கடித்த காலில் அதே கட்டைப் போட்டால் காலே போய்விடலாம். இந்த இரண்டு வேலைகளும் ஒரு கயிற்றின் தலையில் எப்படி வந்து விழுந்தன என்று தேடினால் கல்கத்தாவில் போய் நிற்கிறோம்.

ரத்தத்தை நிறுத்தும் கட்டு போர்க்களத்தில் வளர்ந்தது. 1674இல் பிரான்சின் பெசன்சோன் முற்றுகையின்போது மோரெல் என்ற அறுவை மருத்துவர் கட்டுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். 1718இல் பாரிஸில் ழான் லூயி பெத்தி குச்சிக்குப் பதிலாகத் திருகாணி வைத்தார். கையை எடுத்தாலும் பிடி தளராது. வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். ராணுவ மருத்துவர்களின் பெட்டியில் அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது.

விஷத்தைத் தடுக்கும் கட்டு அதைவிடப் பழையது, நம் நாட்டிலேயே இருந்தது. கடிவாய்க்கு நான்கு விரற்கடை மேலே துணி, தோல், மரப்பட்டை ஏதாவதொன்றால் கட்டும்படி சுசுருத சம்ஹிதை சொல்கிறது.

1835இல் தொடங்கப்பட்ட கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு 1859இல் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக வந்தார் ஜோசப் ஃபேரர். லக்னோ முற்றுகைக்குள் இருந்து காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். நாய்கள், கோழிகள் மேல் பாம்பு விஷத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, 1872இல் ‘தனடோஃபிடியா’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். கல்கத்தா ஓவியப் பள்ளியைச் சேர்ந்த வங்காளி ஓவியர்கள் அதற்கு வரைந்த பாம்புகள் இன்றும் கண்ணைப் பறிக்கின்றன. அப்போது சொல்லப்பட்ட மாற்று மருந்து எதுவும் பலிக்கவில்லை என்பதை ஃபேரர் மறைக்கவில்லை. ஆனாலும் கடிபட்டவரைச் சும்மா விட முடியாதே. உடனே இறுக்கிக் கட்டு, கடிவாயைக் கீறு, சுட்டுவிடு என்று பரிந்துரைத்தார். வேறு மருந்தே இல்லாத காலத்தில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1904இல் ஃபேரரும் மருத்துவர் லாடர் பிரன்டனும் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் லெனார்ட் ராஜர்ஸும் சேர்ந்து இந்த முறையைக் கைக்கு அடக்கமாக்கினார்கள். ஒரு சிறு மரக்கூடு. ஒரு பக்கம் குட்டிக் கத்தி, மறுபக்கம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம். கட்டிவிட்டு, கீறிவிட்டு, படிகத்தைத் தேய்க்க வேண்டும். மருத்துவர் இல்லாத ஊர்களிலும் யாரும் பயன்படுத்தட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்தது. அது பயன்படாது, கெடுதலும் செய்யும் என்பது பிறகுதான் தெளிவானது.

பாம்பு விஷம் பெரும்பாலும் தோலுக்கடியிலிருந்து நிணநீர்ப் பாதையில் பரவுகிறது. அதைத் தடுக்கிறோம் என்று ரத்த ஓட்டத்தையே நிறுத்தினால் விஷம் தேங்கிய இடத்தில் சதை அழுகும். வங்காளத்தில் சந்திரபோடா என்றும் நம்மூரில் கண்ணாடி விரியன் என்றும் சொல்லும் பாம்பின் கதை இன்னும் கொடியது. அதன் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தீர்த்துவிடும். அப்படிப்பட்ட உடம்பில் கத்தி வைத்துக் கீறினால் ரத்தம் நிற்கவே நிற்காது. ரத்தத்தை நிறுத்தப் பிறந்த கட்டோடு, ரத்தப்போக்கை உண்டாக்கும் கத்தியும் ஜோடி சேர்ந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அதற்குள் கட்டுக்கு அதன் சொந்த வேலையிலும் கெட்ட பெயர் வந்தது. முதல் உலகப் போரில் கட்டுப் போட்ட சிப்பாய்கள் தூக்குப்படுக்கையில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்து கால்களை இழந்தார்கள். முதலுதவிப் புத்தகங்கள் அதைக் கடைசி வழி என்று ஒதுக்கின. இந்த நூற்றாண்டில்தான் மறுபடி மரியாதை கிடைத்தது. 2006இல் பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் நடந்த ஆய்வில், அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். கட்டினாலேயே கால் போனவர் அந்த ஆய்வில் ஒருவரும் இல்லை.

அதற்காக எடுத்ததும் கயிற்றைத் தேட வேண்டாம். வளர்ந்தவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான், தேடி நேரம் போக்கக் கூடாது. வங்காளத்தில் எல்லார் தோளிலும் கிடக்கும் கம்சாவோ நம்மூர்த் துண்டோ போதும். காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் உடம்பின் எடையைக் கொடுத்து, இடையில் எடுத்துப் பார்க்காமல் குறைந்தது 10 நிமிடம் அழுத்துங்கள். கழுத்து, தொடை இடுக்கு, அக்குள் என்றால் கட்ட வழியில்லை, அழுத்தம்தான். தொடை இடுக்கிலும் அக்குளிலும் காயம் ஆழமாக இருந்தால் துணியை உள்ளே திணித்து அழுத்துங்கள். காயத்தில் குத்தி நிற்கும் கண்ணாடியையோ கம்பியையோ பிடுங்காதீர்கள்.

கை காலில் அழுத்தியும் நிற்காவிட்டால், ரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டால், அப்போது கட்டு. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, கம்சாவை இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாமல் மடித்துக் கட்டுங்கள். ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியில் துடிப்பார், பாவம் என்று தளர்த்திவிடக் கூடாது. அரைகுறைக் கட்டு ரத்தம் திரும்பிப் போகும் சிரைகளை மட்டும் அடைக்கும், தமனி திறந்தே கிடக்கும், காயம் முன்னைவிட அதிகமாகக் கொட்டும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை போய்ச் சேர வேண்டும்.

பாம்புக் கடிக்கு மட்டும் எந்தக் கட்டும் வேண்டாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணித்தது. மழைக்காலத்தில் வங்காளத்து வயற்காடுகளிலிருந்து காலில் கயிறோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்து ஏறும். யாராவது முன்பே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் நீங்கள் அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் பாய்ந்து சுவாசம் நின்றுவிடக்கூடும். விஷமுறிவு மருந்தையும் மூச்சுக்கான ஏற்பாட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருத்துவரே அவிழ்க்கட்டும்.