ஓடந்துறை ஊராட்சி

ஓடந்துறை, தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்திற்கு அருகே அமைந்துள்ள ஓர் ஊராட்சி ஆகும். தன் நிர்வாகத்தின் மின்செலவைக் குறைக்கச் சொந்தமாகக் காற்றாலை நிறுவிய ஊராட்சியாக இது அறியப்படுகின்றது. இம்முயற்சிகளை முன்னெடுத்த ஆர். சண்முகம் 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்தார்.

பின்னணி

தெருவிளக்கு, குடிநீர் இறைப்பு ஆகியவற்றுக்கான மின்கட்டணத்தை ஊராட்சியே செலுத்த வேண்டும். ஓடந்துறையில் குடிநீர்த் திட்டம் விரிவடைந்தபோது இக்கட்டணம் பன்மடங்கு உயர்ந்து, பிற பணிகளுக்கான நிதியை விழுங்கியது.

மரக்கழிவு எரிவாயு

2003 இல் மரக்கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலன் நிறுவப்பட்டது. குறைந்த காற்றில் மரம் எரியும்போது கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் முதலிய எரியும் வாயுக்கள் வெளிவருகின்றன. இவற்றால் இயந்திரத்தை இயக்கிக் குடிநீர் இறைக்கப்பட்டது. இதனால் இறைப்புச் செலவு குறைந்தது.

காற்றாலை

2006 இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் செலவில் நிறுவப்பட்டது. ஊராட்சியின் சேமிப்பு போக, எஞ்சிய தொகை வங்கிக் கடனாகப் பெறப்பட்டது. காற்றாலை ஊருக்குள் அமைக்கப்படவில்லை. காற்று வளம் மிகுந்த உடுமலைப்பேட்டைப் பகுதியில் அமைக்கப்பட்டது. ஊராட்சியின் தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்திற்கு விற்கப்பட்டது. அவ்வருவாய் கடனை அடைக்க உதவியது. இவ்வாறு, செலவினமாக இருந்த மின்சாரம் ஊராட்சிக்கு வருவாயாக மாறியது.